வீட்டு ஒளிநாடாக்களை இறுவட்டுக்கு மாற்றும் வழக்கம்: மாம்புரிக் கரையை முன்வைத்து ஒரு திறனாய்வு

இலங்கையின் வடமேல் கரையில், புத்தளம் களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலைக்கு அண்மையில் அமைந்துள்ள மாம்புரியைப் போன்ற ஊர்களில், 1980களுக்கும் 2000களின் நடுப்பகுதிக்கும் இடையே நடந்த கலியாணங்களும் சுன்னத்து வைபவங்களும் முதல் நன்மை விழாக்களும் தேவாலயத் திருநாள்களும் பதிவாகியிருக்கும் இடம் பெரும்பாலும் வீ.எச்.எஸ். ஒளிநாடாவே ஆகும். அரை அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் படத்தையும் ஒலியையும் எழுதும் இம்முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியோரின் பெட்டிகளோடு டெக் என்று ஊரார் சொல்லும் நாடா இயக்கியும் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அந்த டெக்குகள் இன்று பழுதாகிவிட்டன அல்லது உதிரிப்பாகம் இன்றி ஓய்ந்துவிட்டன. உலகில் இறுதிவரை அவற்றைச் செய்துவந்ததாக அறியப்பட்ட ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இந்நிலையில், நாடாவில் உள்ளதை டீ.வீ.டீ. இறுவட்டில் எழுதித் தரும்படி ஸ்டூடியோக்களிடம் கொடுப்பதும், கணினி அறிந்த பிள்ளைகள் வீட்டிலேயே அதைச் செய்து பார்ப்பதும் வழக்கமாயின. இவ்வழக்கத்தால் விளைந்த நன்மை பெரிது. அதன் பெயரால் நேர்ந்த இழப்பும் சிறிதன்று. அவ்விழப்பின் பெரும்பகுதி இறுவட்டின் இயல்பினால் வந்ததாக இல்லாமல், இறுவட்டுக்கு முந்திய படிகளில் காட்டப்பட்ட அவசரத்தினாலும், பார்ப்பதற்கென எழுதப்பட்ட ஒரு பிரதியையே மூலமாகக் கருதி நாடாவை எறிந்துவிட்ட முடிவினாலும் வந்தது என்பதே இங்கு வாதிக்கப்படுவது.

வழக்கத்தின் நன்மைகளை முதலில் உரிய எடையுடன் சொல்ல வேண்டும். நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் சுழலும் உருளையின் மீது உராய்கிறது. இறுவட்டை ஒளிக்கற்றை வாசிப்பதால் எத்தனை முறை பார்த்தாலும் பார்வையினால் அது தேய்வதில்லை. நாடாவிலிருந்து நாடாவுக்குக் கொப்பி எடுத்தால் ஒவ்வொரு தலைமுறைக் கொப்பியிலும் நிறம் கசிந்து விளிம்பு மங்கும்; இறுவட்டிலிருந்து இறுவட்டுக்கு எடுக்கும் பிரதியோ மூலத்தோடு எண்ணுக்கு எண் ஒத்தது. இந்தப் பண்பு வேறெந்த இடத்தையும் விடப் புத்தளம் கரையில் பொருள் உடையது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சம் புகுந்தனர். மன்னார்த் தீவைச் சேர்ந்த பலர் படகு வழியாகவே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். கையில் எடுத்து வர இயன்றது மிகக் கொஞ்சமாக இருந்த அம்மக்களிடையே, முன்னைய ஊரில் நடந்த ஒரு கலியாணத்தின் நாடா எவரேனும் ஒரு உறவினரிடம் தப்பியிருந்தால், அது ஒரு வீட்டின் பொருளாக மட்டும் நில்லாது, இழந்த தெருவையும் பள்ளிவாசலையும் அயலவரையும் காட்டும் அரிய சான்றாகிவிடுகிறது. அதனைப் பத்து வீடுகளுக்குத் தரம் குன்றாமல் பகிர முடிந்தது இறுவட்டினால்தான். டீ.வீ.டீ. பிளேயரில் வட்டை இட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்ற எளிமை, கணினிக்குப் பழகாத முதியோருக்கு வேறெந்த முறையும் தந்திராத வசதியாகும்.

ஆயினும் தரம் என்று வரும்போது, நாடாவில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. இலங்கையில் வழங்கிவரும், பால் எனப்படும் முறையிலான தொலைக்காட்சிப் படம் 625 கிடைவரிகளைக் கொண்டது. அவற்றுள் 576 வரிகளே கண்ணுக்குப் படும். செக்கனுக்கு 25 முழுப்படங்கள் வருகின்றன என்றாலும், ஒவ்வொரு முழுப்படமும் ஒரே நேரத்தில் எழுதப்படுவதில்லை. ஒற்றை வரிகள் ஒரு பாதியாகவும் இரட்டை வரிகள் அடுத்த பாதியாகவும் செக்கனுக்கு 50 அரைப்படங்களாக எழுதப்படுகின்றன. டெக்கினுள் செக்கனுக்கு 25 சுற்றுச் சுழலும் உருளையில் எதிரெதிராக அமைந்த இரு முனைகள் ஒவ்வொன்றும் ஒரு அரைப்படத்தை நாடாவின் குறுக்கே சாய்வாக எழுதுகின்றன. செங்குத்தாக வரிகள் முழுமையாக இருந்தாலும் கிடையாகக் காட்டக்கூடிய நுணுக்கம் ஏறத்தாழ 240 வரி அளவே. நிறமோ மேலும் குறுகிய அலைவரிசைக்குள் அடக்கப்பட்டு, ஒளிர்வுக் குறிகையிலிருந்து பிரித்து, அதற்குக் கீழே தாழ்த்தி எழுதப்படுகிறது. சேலையின் சிவப்பு அதன் கரையைத் தாண்டி வழிவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுவே. ஆகவே எந்தக் கருவியாலும் நாடாவில் இல்லாத கூர்மையைத் தர இயலாது. நல்ல மாற்றம் என்பது உள்ளதைச் சிதைக்காமல் எடுத்துவருவதே. இதை ஏற்றுக்கொண்ட பின்புதான் மற்ற முடிவுகள் ஒழுங்குபடும்.

அவற்றுள் முதலாவது, எந்த நாடாவை எடுப்பது என்பது. கலியாண வீட்டாருக்குப் படப்பிடிப்பாளர் கொடுத்தது பொதுவாகக் கமெராவில் பதிந்த நாடா ஆகாது. கமெரா நாடாவிலிருந்து தொகுத்த பிரதி ஒன்று, அதிலிருந்து எடுத்த கொப்பி ஒன்று என்று மூன்றாம் தலைமுறையே வீட்டுக்கு வந்தது. அதிலிருந்து மாமி வீட்டுக்கும் வெளிநாட்டுக்கும் போனவை நான்காம் தலைமுறை. ஒரே நிகழ்வின் நாடா பல வீடுகளில் இருந்தால், எது முந்தியது என்று கேட்டறிந்து அதனைத் தேடி எடுப்பதால் கிடைக்கும் தெளிவு, விலையுயர்ந்த எந்த மென்பொருளாலும் கிடைக்காது. படம் பிடித்தவர் இன்னும் தொழிலில் இருந்தால், அவருடைய அலுமாரியில் கமெரா நாடா கிடக்கிறதா என்று விசாரிப்பதும் தகும். சோனியின் வீடியோ-8, ஹை-8 ஆகிய 8 மில்லிமீற்றர் நாடாக்களாயின், 1999 முதல் வந்த டிஜிற்றல்-8 கமெராக்களுள் சில அவற்றையும் வாசித்து, குறிகையைத் தாமே எண்மமாக்கிக் கணினிக்கு அனுப்பவல்லவை. மினி-டீ.வீ. நாடாவோ பிறப்பிலேயே எண்மமானது. ஃபயர்வயர் என்னும் இணைப்பின் வழியாக, ஒரு கோப்பைப் பிரதி செய்வது போல, எந்தத் தரக்குறைவும் இல்லாமல் அதைக் கணினியில் இறக்கலாம். அப்படியிருந்தும் அதை மஞ்சள் முனைக் கம்பியால் டீ.வீ.டீ. ரெக்கோடருக்குள் செலுத்தி, எண்மத்தை ஒப்புமைக் குறிகையாக்கி மீண்டும் எண்மமாக்குவது கண்டிக்கத்தக்க கவனக்குறைவு. அங்கு நேரும் இழப்பு முற்றிலும் தவிர்க்கக்கூடியது.

அடுத்தது டெக். பலரும் பணம் செலவிட வேண்டிய இடம் இதுவே என்பதை உணராமல் பதிவுக் கருவியிலும் மென்பொருளிலும் செலவிடுகின்றனர். உருளையின் முனைகள் அழுக்கேறியிருந்தால் படத்தில் வெண்பொறிகள் தெறிக்கும். நாடாவின் சாய்தடத்தை முனை சரியாகப் பின்தொடராவிட்டால் படத்தின் மேலோ கீழோ ஓர் இரைச்சல் பட்டை ஓடும். இதைச் சரிசெய்வதற்கான தடஒழுங்குக் குமிழ் பழைய டெக்குகளில் முகப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு நாடாவுக்கும் அதைத் திருகிப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்காத ஸ்டூடியோ, ஐந்து மணித்தியால வேலையையும் பழுதாக்கிவிடும். நெடும்பதிவு முறையில், அதாவது நாடாவைச் செக்கனுக்கு 23.4 மில்லிமீற்றர் என்ற இயல்பு வேகத்தின் பாதியில் ஓட்டிப் பதிந்தவை, இவ்விடயத்தில் மிகவும் முரண்டு பிடிப்பவை. பதிந்த டெக்கிலேயே அவை சிறப்பாக ஓடும் என்பதால், பழுதான குடும்ப டெக்கைத் திருத்த முடியுமா என்று பார்ப்பது வீண் வேலையாகாது.

டெக்கிலிருந்து வெளிவரும் குறிகைக்கு மூன்று வழிகள் உண்டு. தொலைக்காட்சியின் அன்ரெனாத் துளைக்குப் போகும் வழி மிகத் தாழ்ந்தது. மஞ்சள் முனைக் கம்பி இடைநிலை. நிறத்தையும் ஒளிர்வையும் தனித்தனியே கொண்டுசெல்லும் எஸ்-வீடியோ மேலானது. நாடாவிலேயே இரண்டும் பிரித்து எழுதப்பட்டிருப்பதால், மஞ்சள் கம்பிக்காக அவற்றை ஒன்றாகக் கலந்து, மறுமுனையில் மீண்டும் பிரிப்பது தேவையற்ற கலப்பாகும். நிறவிளிம்புகளில் புள்ளிகள் ஊர்வது அதன் அடையாளம். எஸ்-வீடியோ துளை சாதாரண வீ.எச்.எஸ். டெக்கில் பெரும்பாலும் இராது; எஸ்-வீ.எச்.எஸ். எனப்படும் உயர்வகை டெக்குகளில் இருக்கும், அவை பழைய நாடாக்களையும் வாசிக்கும்.

இதனினும் முக்கியமானது நேரத் திருத்தம். நாடா நீண்டும் சுருங்கியும் ஓடுவதால் ஒவ்வொரு கிடைவரியும் தன் உரிய கணத்துக்குச் சற்று முன்போ பின்போ தொடங்குகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சி அதைப் பொறுத்துக்கொண்டது, எண்மக் கருவி பொறுப்பதில்லை. கதவு நிலையும் தூணும் பாம்பாக நெளிவது, படத்தின் மேல்விளிம்பு ஒரு பக்கம் கொடி போல வளைவது, சில படங்கள் விடுபட்டு வாயசைவும் பேச்சும் விலகிப்போவது ஆகியவை அதன் விளைவுகள். ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் நிறுத்தி ஒழுங்கான கணத்தில் வெளியிடும் நேரத்தளத் திருத்தி இதற்கான மருந்து. ஜே.வி.சி., பனாசோனிக் நிறுவனங்களின் உயர்வகை எஸ்-வீ.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் அது உள்ளமைந்தே வந்தது. அத்தகைய டெக் கிடைக்காதபோது, பனாசோனிக்கின் டீ.எம்.ஆர்.-இ.எஸ்.10 போன்ற பழைய டீ.வீ.டீ. ரெக்கோடர் ஒன்றைப் பதிவுக்காக இன்றி, டெக்குக்கும் கணினிக்கும் நடுவே குறிகை கடந்து செல்லும் வாயிலாக மட்டும் வைத்து வரிநெளிவைக் குறைக்கும் உத்தியை இத்துறையில் ஈடுபட்டோர் நெடுநாளாகக் கையாண்டு வருகின்றனர். இரண்டாங்கைக் கடையில் கிடக்கும் ஒரு கருவிக்கு இப்படியொரு பயன் இருப்பது சிற்றூர் ஸ்டூடியோவுக்கு நல்ல செய்தியாகும்.

இனி இறுவட்டுக்கு வரலாம். ஒற்றை அடுக்கு டீ.வீ.டீ. வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட்டு. அதில் ஒரு மணித்தியாலப் படத்தை எழுதினால், டீ.வீ.டீ. தரநிலை படத்துக்கு அனுமதிக்கும் உச்சமாகிய செக்கனுக்கு 9.8 மெகாபிட் என்ற அளவை நெருங்கலாம். இரண்டு மணித்தியாலமாயின் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து 5.2 மெகாபிட் கிடைக்கும். நான்கு மணித்தியாலமாயின் 2.6 மட்டுமே. ரெக்கோடரின் முகப்பில் எக்ஸ்.பி., எஸ்.பி., எல்.பி., ஈ.பி. என்று காணப்படும் எழுத்துகள் முறையே ஏறத்தாழ ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு மணித்தியாலங்களைக் குறிக்கின்றன. வேலையை ஒரே வட்டில் முடிக்க விரும்பும் ஸ்டூடியோவுக்கும், ஒரே வட்டில் எல்லாம் அடங்கினால் மகிழும் வாடிக்கையாளருக்கும் எல்.பி. என்ற எழுத்து உகந்ததாகப் படுகிறது. மூன்று மணித்தியாலக் கலியாண நாடாவின் தரம் பெரும்பாலும் நிர்ணயிக்கப்படுவது அந்த ஒரு பொத்தானில்தான்.

ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, எம்பெக்-2 என்னும் சுருக்கும் முறை எப்படி வேலை செய்கிறது என்று அறிய வேண்டும். அது ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை; பால் முறையில் 15 படங்கள் வரையிலான தொகுதிக்கு ஒரு படத்தை முழுமையாக எழுதி, ஏனையவற்றில் முந்தியவற்றினின்று மாறியது எதுவோ அதை மட்டும் சிறு சதுரங்களாகக் குறித்துவைக்கிறது. சுவர் அசையாது, பந்தல் அசையாது, மணமக்கள் மட்டுமே அசைகின்றனர் என்றால் எழுத வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் வீ.எச்.எஸ். படத்தில் சுவரும் அசைகிறது. நாடாவின் இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் துளிகளாக மின்னுவதால், சுருக்கும் கருவி அந்த இரைச்சலையே புதிய செய்தியாக எண்ணி அதற்குப் பிட்டுகளைச் செலவழித்து, முகத்துக்கு ஒதுக்க வேண்டியதை இழக்கிறது. இதனால்தான், நாடாவின் நுணுக்கம் குறைவு என்பதால் குறைந்த பிட் வீதமே போதும் என்ற பரவலான எண்ணம் தவறாகிறது; துல்லியமான திரைப்படம் ஒன்றுக்குப் போதுமான வீதம் பழைய நாடாவுக்குப் போதாது. அத்தோடு ரெக்கோடர் ஓடும்போதே எழுத வேண்டியிருப்பதால் எந்த இடத்தில் அசைவு மிகும் என்று முன்கூட்டி அறிய முடியாது. கணினியிலோ ஒருமுறை முழுவதும் பார்த்து, கடின இடங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் முறையில் பிட்டுகளைப் பங்கிட்டு எழுதலாம். ஒரே அளவு வட்டில் இருமுறை எழுத்து கண்கூடாகச் சிறந்திருக்கும்.

ஒரு வட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எழுதியே ஆகவேண்டும் என்றால், அதிகம் அறியப்படாத ஒரு வழி உண்டு. டீ.வீ.டீ. தரநிலை 720க்கு 576 என்ற முழு அளவை மட்டுமன்றி 352க்கு 576 என்ற பாதி அகல அளவையும் ஏற்கிறது. வீ.எச்.எஸ். நாடாவின் 240 வரி நுணுக்கம், நான்குக்கு மூன்று என்ற திரை விகிதத்தில் கிடையாக ஏறத்தாழ 320 புள்ளிகளுக்குச் சமம் என்பதால், 352 புள்ளிகளில் அது அநேகமாக முழுதும் அடங்கும். எழுத வேண்டிய புள்ளிகள் பாதியாகக் குறைவதால் சதுரங்கள் உடைவதும் குறையும். அரைப்படங்கள் இரண்டும் காக்கப்படுவது இதன் சிறப்பு. இதற்கு மாறாக, 2000களின் தொடக்கத்தில் பரவிய வீ.சி.டி. முறை 352க்கு 288 அளவில், செக்கனுக்கு 1150 கிலோபிட் வீதத்தில் எழுதுகிறது. 576 வரிகளில் பாதி அங்கே இல்லாமற்போய், செக்கனுக்கு 50 அசைவுநிலைகள் 25 ஆகச் சுருங்கி, கூட்டம் அசையும் காட்சிகள் குழம்பிவிடுகின்றன. ஒரு கலியாணம் மூன்று வீ.சி.டி.களில் அடங்கிய உறையோடு வீட்டுக்கு வந்த அக்காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டன. இவ்வழக்கத்தின் வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு அதுவே. மூலம் இல்லாத இடத்தில் எந்தத் திருத்தமும் செய்ய முடியாது.

அரைப்படங்களைக் காத்தால் மட்டும் போதாது. அவற்றுள் ஒற்றை வரிகள் முந்தியா இரட்டை வரிகள் முந்தியா என்ற வரிசை தவறினால், ஓடும் பிள்ளை முன்னும் பின்னும் உதறுவது போலத் தெரியும். மினி-டீ.வீ. பதிவில் கீழ்வரியும், பெரும்பாலான ஒப்புமைப் பதிவுக் கருவிகளில் மேல்வரியும் முந்தி வருவதால், மென்பொருளில் அதைச் சரிபார்ப்பது அவசியம். வட்டைத் தொலைக்காட்சியில் பார்க்கவே எழுதுவதானால் அரைப்படங்களை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அவற்றை ஒன்றாக்கி வைப்பது திருத்தமாகத் தோன்றினாலும் அசைவில் பாதியை அழிப்பதாகும்.

ஸ்டூடியோக்கள் தாமாக விரும்பிச் சேர்க்கும் அழகுபடுத்தல்கள் தனிக் கண்டனத்துக்குரியவை. நான்குக்கு மூன்று விகிதப் படத்தை அகலத் திரைக்கு ஏற்ப இழுப்பதால் எல்லா முகங்களும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகின்றன. கூர்மையூட்டும் வடிகட்டி விளிம்புகளைச் சுற்றி வெள்ளை வளையம் போடுகிறது. அதே வளையத்தைப் பெரும்பாலான டெக்குகள் ஏற்கெனவே போட்டிருப்பதால் அது இரட்டிக்கிறது. இரைச்சல் நீக்கலை அளவோடு செய்தால் சுருக்கத்துக்கு உதவும். அளவு மீறினால் தாத்தாவின் முகச்சுருக்கங்களும் இரைச்சலோடு போய்விடும். படத்தின் அடியில் தெறிக்கும் சில வரிகள் டெக் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறும் இடம். பழைய தொலைக்காட்சியின் சட்டம் அதை மறைத்தது. அதை வெட்டி மீதியை இழுத்து நிரப்பினால் வரிகளின் ஒழுங்கே குலைந்துவிடும், ஆகவே கறுப்பால் மூடிவிடுவதே முறையானது.

இவற்றை எல்லாம் மன்னிக்கலாம். ஒலியை அழிப்பதை மன்னிக்க இயலாது. பழைய பதிவில் இரைச்சல் இருக்கிறது என்று மூல ஒலியை நீக்கிவிட்டுத் திரைப்பாட்டொன்றை நெடுகிலும் ஓடவிடும் பழக்கம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. கலியாணப் பந்தலில் யார் யாரை என்ன முறை சொல்லி அழைத்தார்கள், புத்தளம் கரையின் பேச்சு எப்படி ஒலித்தது, வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கள் பேச்சை எவ்வளவு காலம் காத்தார்கள், தலவில புனித அன்னம்மாள் திருநாளுக்கு வந்தோர் வீட்டு முற்றத்தில் என்ன பேசிக்கொண்டனர் என்பவை எல்லாம் படத்தில் இல்லை, ஒலியில் இருக்கின்றன. நாடாவின் ஓரத்தில் ஒற்றைத் தடமாக எழுதப்படும் சாதாரண ஒலி நுண்மை குறைந்ததே எனினும் மனிதப் பேச்சுக்குப் போதுமானது. சில டெக்குகள் படத்தோடு சேர்த்து உருளையாலேயே எழுதிய ஹை-ஃபை ஒலி இருந்தால் அது இன்னும் தெளிவானது. இரண்டும் உள்ள நாடாவில் எது நல்லது என்று கேட்டுத் தெரிந்தெடுக்க வேண்டும். பாட்டு வேண்டும் என்று குடும்பம் விரும்பினால், டீ.வீ.டீ. வட்டு எட்டு ஒலித்தடங்கள் வரை ஏற்பதால், மூல ஒலியை ஒரு தடத்திலும் பாட்டை மற்றொன்றிலும் வைக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றைக் கொல்ல வேண்டிய நிலை இல்லை.

வெளிநாட்டுத் தொடர்பு இன்னொரு சிக்கலைக் கொணர்கிறது. கனடாவில் பதிந்த நாடா என்.ரி.எஸ்.சி. முறையிலானது, 525 வரி, செக்கனுக்கு ஏறத்தாழ 30 படம். அதைப் பால் தொலைக்காட்சிக்காகவென்று மாற்றி எழுதினால் படங்கள் விடுபட்டோ கலந்தோ அசைவு தடுமாறும். பன்முறை டெக்கில் ஓட்டி என்.ரி.எஸ்.சி. வட்டாகவே எழுதினால், இலங்கையில் விற்ற டீ.வீ.டீ. பிளேயர்களில் பெரும்பாலானவை அதைத் தாமே வாசித்துவிடும். எதிர்த்திசையில் நிலை வேறு: இங்கிருந்து போகும் பால் வட்டை வட அமெரிக்கப் பிளேயர்கள் பல மறுத்துவிடும், ஆகவே அங்குள்ள உறவினருக்கு வட்டோடு கோப்பையும் அனுப்புவது பயன் தரும்.

மாம்புரியின் சூழல் நாடாவுக்கும் வட்டுக்கும் ஒருசேரப் பகை. காற்றாலைகள் நிறுவத் தகுந்த அளவு காற்று வீசும் கரை அது. அந்தக் காற்றோடு உப்பீரமும் நுண்மணலும் வீட்டுக்குள் வருகின்றன. காற்றின் ஈரப்பதன் நெடுநாள் 70 வீதத்தைக் கடந்து நிற்கும் இடத்தில் நாடாச் சுருளின் விளிம்பில் பூஞ்சை பிடிக்கும். கசெட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்த்தால் வெண்தூளாக அது தெரியும். அத்தகைய நாடாவை டெக்கில் இட்டால் வித்துகள் உருளையில் ஒட்டி, அடுத்துப் போடும் எல்லா நாடாவுக்கும் பரவும், உருளையும் கீறப்படும். ஆகவே பூஞ்சை கண்ட நாடாவைத் தனியே பையிலிட்டு ஒதுக்கி, உலர்த்தி, துப்புரவு செய்த பின்னரே ஓட்ட வேண்டும். வெறுமனே நெடுநாள் கிடந்த நாடாவையும் ஒருமுறை முழுதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிவிட்டு ஓட்டுவது இறுக்கத்தைச் சீராக்கும்.

எழுதக்கூடிய வட்டில் செய்தி இருப்பது ஓர் உயிர்மச் சாயப் படலத்தில். ஒளியும் வெப்பமும் சாயத்தை மங்கச் செய்கின்றன. ஈரம் ஓரத்தால் நுழைந்து பளபளக்கும் உலோகப் படலத்தை அரிக்கிறது. கனடாவின் மரபுப்பொருள் பாதுகாப்பு நிறுவனம் வழமையான எழுதக்கூடிய டீ.வீ.டீ.க்களுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் என்று மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீடும் கட்டுப்பட்ட சூழலை மனதில் கொண்டது, உப்புக் காற்றை அன்று. 2005இல் எழுதிய வட்டு அதன் எல்லையை இப்போதே தொட்டுவிட்டது. பல வீடுகளில் நாடா இன்னும் ஓடுகிறது, வட்டு வாசிக்க மறுக்கிறது என்ற தலைகீழ் நிலை வருவதற்குக் காரணம் இதுதான். வட்டின் மேல் ஒட்டும் தாள் முகப்பு, கூர்முனைப் பேனா எழுத்து, உச்ச வேகத்தில் எழுதுதல், எழுதி முடித்ததும் நிறைவுசெய்யும் படியை விட்டுவிடுதல் ஆகியவை அந்த ஆயுளை மேலும் குறுக்குகின்றன அல்லது வேறு பிளேயர்களில் வட்டை ஓடாதபடி செய்கின்றன.

ஆயினும் வட்டைக் கைவிடுவது தீர்வன்று. வட்டுக்கு அதன் உரிய இடத்தைக் கொடுப்பதே தீர்வு. நாடாவிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது கணினிக் கோப்பு. வட்டு அதிலிருந்து பின்னர் எழுதப்படும் பார்வைப் பிரதி. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் ஒளிநாடா மாற்றத்துக்கான தன் வழிகாட்டியில் விரித்துரைக்கும் எஃப்.எஃப்.வீ.1 போன்ற இழப்பற்ற சுருக்கமுறை, எந்தப் புள்ளியையும் விடாமல் காக்கிறது. மணித்தியாலத்துக்குப் பல பத்து கிகாபைட்டு கேட்பதுதான் அதன் விலை. அது மிகையாகப் படும் வீடுகளுக்கு, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைட்டு எடுக்கும், மினி-டீ.வீ. நாடாவின் முறையிலான டீ.வீ. கோப்பு நியாயமான நடுவழி. பால் முறையில் டீ.வீ.யும் டீ.வீ.டீ.யும் நிறத்தை ஒரே அளவில் குறைத்து எழுதுவதால், அங்கிருந்து வட்டுக்குப் போகும்போது புதிதாக இழப்பது கொஞ்சமே. ஒரு டெராபைட் வன்தட்டில் அப்படி எழுபது மணித்தியாலத்துக்கு மேல் அடங்கும். அத்தகைய வன்தட்டு இரண்டை வெவ்வேறு வீடுகளில் வைத்தால் ஒரு குடும்பக் கிளை முழுவதன் நாடாக்களும் பாதுகாப்புப் பெறும். இது செலவு மிகுந்தது என்ற மறுப்பு பொய்யன்று. ஆயினும் செலவை ஓரிரு நாடாவுக்குக் கணக்கிடாமல், உறவினர் பத்துப் பேரின் நாடாக்களைச் சேர்த்து, நல்ல டெக் ஒன்றைப் பகிர்ந்து கணக்கிட்டால் அது வட்டுக் கூலியை விடப் பெரிதாக உயர்வதில்லை.

பகிர்வதிலும் ஒரு தயக்கம் இருப்பதை மதிக்க வேண்டும். முஸ்லிம் கலியாணங்களில் பெண்கள் பகுதியில் பதிந்த நாடாவை அந்நிய ஸ்டூடியோவில் நாட்கணக்கில் விட்டுவைக்கக் குடும்பங்கள் விரும்புவதில்லை. எழுதியவரின் கணினியில் கோப்பு எஞ்சியிருக்குமே என்ற கவலை நியாயமானது. வீட்டுப் பெண் ஒருவரே இவ்வேலையைக் கற்றுக்கொண்டு செய்வது, தரத்துக்கும் மானத்துக்கும் ஒருங்கே நன்மை. குடும்பத்தின் இசைவோடு பொதுவில் வைக்கத் தகுந்தவை இருந்தால், ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்மமாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றை அணுகலாம்; ஊர் விழாக்களின் பதிவுகளுக்கு அங்கே வரலாற்றுப் பயன் உண்டு.

யுனெஸ்கோவும் மேற்குறித்த காப்பகச் சங்கமும் 2019இல் விடுத்த காந்த நாடா எச்சரிக்கை, நாடாக்களை வாசிக்கும் கருவிகளும் அவற்றைத் திருத்தும் கைகளும் 2025ஐ ஒட்டி அநேகமாக இல்லாமற்போகும் என்று கணித்திருந்தது. அக்கணிப்பின் ஆண்டு வந்துவிட்ட நிலையில், எதை முதலில் எடுப்பது என்ற வரிசை அவசியமாகிறது: மறைந்தவர்களின் குரல் உள்ளவை, இழந்த ஊர்களில் பதிந்தவை, ஒரே பிரதியாக எஞ்சியவை, பூஞ்சை தொடங்கியவை ஆகியன கலியாண விருந்தின் இரண்டாம் நாடாவுக்கு முன்னே வர வேண்டும். கோப்பாக்கிய பின்னும் நாடாவை வைத்திருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று அண்மையில் வலுத்திருக்கிறது. டெக்கின் முனை நாடாவிலிருந்து எடுக்கும் மூலக் குறிகையையே, டெக்கின் பழைய மின்சுற்றுகள் அதைப் படமாக்குவதற்கு முன்னர் பதிந்துகொண்டு, படமாக்கும் வேலை முழுவதையும் மென்பொருளில் செய்யும் வீ.எச்.எஸ்.-டிகோட் என்னும் திறந்த மென்பொருள் முயற்சி வளர்ந்து வருகிறது. நேரத் திருத்தம், நிறப் பிரிப்பு ஆகிய இரண்டையும் அது பழைய டெக்குகள் பலவற்றினும் நுட்பமாகச் செய்யவல்லது. அதற்குத் தேவையானவை முனை நன்றாக உள்ள ஒரு டெக், பதிவுக் கருவி ஒன்று, மூல நாடா. இவற்றில் எந்தக் கடையிலும் மீண்டும் வாங்க முடியாதது நாடா ஒன்றுதான். சுற்றி முடித்து, உறையிலிட்டு, காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகளோடு புத்தகம் போல நிமிர்த்தி வைத்தால், மாம்புரியின் உப்புக் காற்றிலும் அது இன்னும் சில காலம் தாங்கும்.